வியாழக்கிழமைக் காய்ச்சல்

ஒரு மணிக்குச் சன்னல் திரையை இழுத்துவிட்டால் மூன்று மணிக்குத்தான் மறுபடி விலக்குவது. அந்த இரண்டு மணி நேரம் சாந்தாமணிக்கு ஒரு வரம். பிள்ளைகள் வரிசையாய்ப் பாயில் கிடப்பார்கள், வேலைக்கு வருகிற பழனாத்தாள் அடுக்களையில் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் கழுவப் பார்த்துத் தோற்றுப்போவாள், சாந்தாமணி சுவரில் சாய்ந்து காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே ஒரு அரைத்தூக்கம் போடுவாள். பன்னிரண்டு வருஷமாய்ச் சரவணம்பட்டியில் இந்த வீட்டில்தான், வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகளைப் பகலெல்லாம் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். இந்த அரைத்தூக்கம்கூட இல்லையென்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும். இன்றைக்கு அது கிட்டவே வரவில்லை. மடியில் ஜோவினா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதம் முடிந்து பதினாறு நாள் ஆன பிள்ளை. கன்னம் சாந்தாமணியின் முழங்கையில் ஒட்டி வேர்த்திருந்தது. வேர்வைதானே, சூடு இல்லையே என்று ஆறாவது தடவையாகப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. இப்போது இருக்காது, வருவதென்றால் பத்து நாள் போலக் கழித்துத்தான் வரும் என்று காலையில் போனில் சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொல்லிவிட்டாள். பத்து நாள் என்று கேட்டதும் முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது, வெட்கக்கேடு, பத்து நாள் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் அந்த அப்பாடா. நாளைக் காலை ஒன்பது மணிக்குள் ஊசி போட்டுவிட்டால் பெரும்பாலும் பிள்ளைக்கு அம்மை வராமல் தடுத்துவிடலாம், அதைத் தாண்டினால் உறுதி சொல்ல முடியாது. இதை ஜோவினாவின் அம்மா ஜெனிட்டாவிடம் சொல்ல வேண்டும். இரண்டே வரி. போன் தொடைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. பத்தரை மணியிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது.

ஒன்பது பாயில், ஜோவினாவுடையது போக, இன்னொன்றும் காலியாக இருந்தது, நிலனுடையது. மூன்று வயது ஆகப்போகிறது அவனுக்கு. திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்திருந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டு, கண் இரண்டும் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு. சளி என்று நினைத்தாள், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சளியைக் கண்டு யார் பயப்படுகிறார்கள், நாலு பேருக்கு ஒரே துண்டில் மூக்குச் சிந்திவிடுகிற பொழைப்புதானே இது. அவன் வேறு எங்கும் போகாமல் ஜோவினா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், தான் கடித்த பிஸ்கட்டை அவள் வாயில் வைத்து, தின்னு பாப்பா தின்னு என்றான், சாந்தாமணி அதைப் பார்த்துச் சிரித்தாள், ஆமாம், சிரித்தாள். மத்தியானம் நெற்றி கொதித்தது, அவன் அம்மா தாரணி வந்து தூக்கிப் போனாள். இன்று காலை எட்டு மணிக்கு அவன் அப்பா முகிலன் போன் செய்தான். காதுக்குப் பின்னாலும் முகத்திலும் சிவப்பாய்ப் பொரிந்து நெஞ்சுக்கு இறங்கியிருக்கிறதாம், முகிலனின் அம்மா பார்த்துவிட்டு இது மணல்வாரி, தட்டம்மையேதான் என்று சொல்லிவிட்டாளாம், வேப்பிலையில் படுக்கவைத்து இளநீர் கொடுக்கிறார்களாம், நன்றாகத்தான் இருக்கிறானாம். பதறாத குரல், எப்போதுமே அவனுக்கு அப்படி ஒரு குரல், வெந்தயக் கஞ்சி மாதிரி. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தான். "மத்தவங்ககிட்டச் சொல்லிக்க வேண்டாங்க்கா. தேவையில்லாம பயந்துக்குவாங்க." அதற்குச் சாந்தாமணி என்ன சொல்லியிருக்க வேண்டும். என்னென்னவோ சொல்லியிருக்கலாம். சரிங்க தம்பி என்றாள். அந்தச் சரிங்க எங்கிருந்துதான் வந்ததோ, கேட்கிறவர்களுக்கெல்லாம் சரிங்க சரிங்க என்று சொல்லிச் சொல்லியே வாய் தேய்ந்துபோய், நினைக்கிறதுக்கு முந்தி அதுவாகவே வந்து விழுந்துவிடுகிறது. பையனுக்கு மூச்சு எப்படி இருக்கிறது, ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றாவது சொன்னாளா. அதையும் சொல்லவில்லை. பாவம் அந்தப் பையன். எல்லாரும் அவனால் வந்தது என்று சொல்லப் போகிறார்கள், பிஸ்கட்டைப் பங்கு போட்டதைத் தவிர அவன் என்ன செய்தான்.

நிலனுக்குப் பிறந்ததிலிருந்து ஒரு ஊசியும் போடவில்லை. அது சாந்தாமணிக்குத் தெரியும். தெரிந்துதான் சேர்த்தாள். போன வருஷம் ஜூன் மாதம் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நாலு இடத்தில் கேட்டு நாலு இடத்திலும் ஊசி அட்டை இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். முகிலன் நாட்டுச்சர்க்கரை, செக்கெண்ணெய் எல்லாம் விற்கிற கடை வைத்திருந்தான், உடம்பு தானாகவே கற்றுக்கொள்ளும் என்று ஒரு மணி நேரம் பேசினான், அவள் பாதியில் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள். அவனுக்காக இரங்கவில்லை. தாரணிக்காகத்தான். தாரணியின் அக்கா மகனுக்கு ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரி வலிப்பு வந்ததாம், பிள்ளை கண்ணைச் சொருகி விறைத்துப்போனதை இவள்தான் கையில் வைத்திருந்தாளாம், பையன் இப்போது நன்றாகப் பள்ளிக்கூடம் போகிறான், ஆனாலும் ஊசி என்றால் என் கை நடுங்குதுங்க என்று சொல்லி அந்தக் கையை நீட்டியே காட்டினாள். நடிப்பில்லை அது. பயந்துபோன பொம்பளையைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை என்று சாந்தாமணி இந்த ஒரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருகிறாள். நல்ல காரணம்தான். நாலு பேரிடம் சொன்னால் நாலு பேரும் தலையாட்டுவார்கள். ஆனால் அது முழுசும் உண்மையா என்று இன்றைக்கு இந்தத் திரை போட்ட அறையில் கேட்டுப் பார்த்தால், இல்லை, பாதி உண்மைதான். மீதிப் பாதி என்னவென்றால் நிலன் ஒரு நாளும் வியாழக்கிழமைப் பிள்ளையாக இருந்ததில்லை.

அரசாங்க சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதான் ஊசி நாள். புதன்கிழமை ஊசி போட்டுக்கொண்டு வருகிற பிள்ளை வியாழக்கிழமை சாந்தாமணி கைக்கு எப்படி வந்து சேரும் என்பது எந்த டாக்டருக்கும் தெரியாது, பெற்றவளுக்கே பாதிதான் தெரியும், காலையில் மருந்தை ஊட்டிக் கையில் கொடுத்துவிட்டுக் கம்பெனி வண்டிக்கு ஓடிவிடுவாள். பத்து மணிக்கு மருந்து விட்டுப்போகும். தொடை கல்லாய் வீங்கி, தொட்டால் ஒரு அலறல். கீழே விட்டால் அழுகை, மடியில் வைத்தால் அழுகை, தோளில் போட்டு நடந்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும், அந்த நடை எத்தனை மணி நேரம் நடப்பது, ஐம்பத்து மூன்று வயசு முழங்கால் அதற்கு மேல் கேட்காது. ஒன்று அழுதால் மற்ற எட்டும் அழும். யாரும் தின்னமாட்டார்கள், யாரும் தூங்கமாட்டார்கள். அதனால் சாந்தாமணி ஒரு வழி வைத்திருந்தாள். ஊசிக்குத் தேதி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், சனிக்கிழமை தனியார் ஆஸ்பத்திரியில் போட்டுக்கங்க கண்ணு, ஞாயித்துக்கிழமை உங்க கையிலேயே இருக்கட்டும், பிள்ளைக்கும் அதுதான் ஆறுதல் என்பாள். பிள்ளைக்கு ஆறுதல்! வாய் கூசாமல் சொல்லுவாள். அவர்களும் நல்ல யோசனை அக்கா என்று போய்விடுவார்கள். ஊசியே போடாத நிலனை எல்லார் முன்னாலும் தங்கம் தங்கம் என்று கொஞ்சினாளே, இவனை மாதிரி ஒன்பது இருந்தால் நான் தொண்ணூறு வயசு வரைக்கும் பார்த்துக்குவேன் என்று பழனாத்தாளிடம் பீற்றிக்கொண்டாளே. அந்தப் பேச்செல்லாம் இப்போது ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்து முகத்துக்கு எதிரே நிற்கிறது.

ஜோவினா தூக்கத்தில் ஒரு தரம் விம்மி, மறுபடி மூச்சு சீரானது. சாந்தாமணி தட்டிக்கொடுத்தாள். நாளைக் காலை ஒன்பது மணி. இப்போது ஒன்றே முக்கால். நேரம் இருக்கிறது, மூணு மணிக்குப் பிள்ளைகள் எழுந்ததும் சொல்லலாம். மூணு மணிக்கு என்ன மாறிவிடப் போகிறது. ஜெனிட்டாவிடம் என்னவென்று ஆரம்பிப்பது. ஜெனிட்டா, நிலனுக்கு அம்மை கண்டிருக்கு, செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தாங்க, நீ உடனே வந்து. அது வரைக்கும் சரி. நீ உடனே வந்து பிள்ளைக்கு ஊசி போட்டுரு. இங்கேதான் சிக்கிக்கொள்கிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய ஊசி ஏன் இன்னும் போடாமல் இருக்கிறது, மற்ற ஏழு பிள்ளைகளும் போட்டிருக்க இவள் மட்டும் ஏன் போடவில்லை. சாந்தாமணி அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு சட்டென்று விலகி வேறெங்காவது போய் நின்றுகொள்கிறது, பால் காய்ச்சச் சொல்ல வேண்டும், மாடியில் துணி காய்கிறது, பழனாத்தாள் அந்தக் குக்கரை எதற்கு இப்படிப் போட்டுத் தேய்க்கிறாள். எங்கே போனாலும் அங்கேயேதான் திரும்பிவருகிறது. சரி, வந்து தொலையட்டும். பதினாறு நாளைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஜெனிட்டா அடையாள அட்டை கழுத்தில் தொங்க வாசலில் நின்றாள். தூத்துக்குடிக்காரி, புருஷன் சென்னையில், இங்கே மாமன் மச்சான் என்று ஒரு நாதி கிடையாது. "நாளைக்கு ஊசி போடணும்க்கா. வியாழக்கிழமை மட்டும் பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கிடுவீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள், சனிக்கிழமையும் அவளுக்கு வேலை. அந்த வியாழக்கிழமைதான் புதுசாய் மூன்று குடும்பம் வீட்டைப் பார்க்க வருவதாய் இருந்தது. வருகிற நேரத்தில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தால் எப்படி இருக்கும். அதைச் சொல்லவில்லை. "அடுத்த வாரம் போட்டுக்கலாம் கண்ணு, ஒரு வாரத்துல என்ன ஆயிறப்போகுது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஜெனிட்டாவின் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது, அக்காவே சொல்லிவிட்டாள் அல்லவா, அக்காவுக்குத் தெரியாததா. அடுத்த வாரம் பழனாத்தாள் தங்கச்சி பேத்திக்குக் காது குத்து, இரண்டு நாள் லீவு, ஒற்றை ஆளாய் ஒன்பது பிள்ளைகள். அப்போதும் ஜெனிட்டா கேட்டாள். அப்போதும் சாந்தாமணி, இன்னும் ஒரே ஒரு வாரம் பொறுத்துக்க அம்மிணி என்றாள். இந்த வாரம், நேற்று, புதன்கிழமை, ஜெனிட்டாவுக்கே ஏதோ பயிற்சி வகுப்பாம், அவளே கேட்கவில்லை. அப்படியானால் நேற்றையது என் தலையில் இல்லையே என்று மனசு ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொள்கிறது, எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள், மூன்றில் ஒன்று குறைந்துவிட்டதென்று கணக்குச் சொல்கிறது. ஊசி போடாமல் வைத்திருந்த தாரணியும் முகிலனும் ஒரு கொள்கை, ஒரு பயம் என்று எதையோ வைத்துக்கொண்டு செய்தார்கள், தப்பாய் இருந்தாலும் தங்கள் பிள்ளைக்குச் செய்தார்கள். சாந்தாமணிக்கு என்ன கொள்கை. அடுத்தவள் பிள்ளை, தன் முழங்கால். இங்கே எல்லாரும் ஊசி போட்டவர்கள்தானா என்று ஜெனிட்டா ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தாள். நினைத்துப் பார்த்தால் சொல்லியிருப்பாள் என்று தோன்றவில்லை.

அம்மை கண்ட வீட்டுச் சேதியை வெளியில் சொல்லக்கூடாது என்பார்கள். சாந்தாமணி பிறந்த வீட்டிலும் அப்படித்தான். தம்பி துரைசாமிக்கு வந்தபோது அவளுக்கு எட்டு வயசு, வாசலில் வேப்பங்கொத்து செருகியாயிற்று, யாரும் தாளிக்கவில்லை, யாரும் சத்தமாய்ப் பேசவில்லை, பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஊருக்குப் போயிருக்கான் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். பதினோராம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குள் காதில் சீழ் வைத்துவிட்டது, ஒருத்தரிடமும் காட்டவில்லை, காட்டினால் ஆத்தாளுக்குக் கோபம் வருமாம். இன்றைக்கும் துரைசாமியிடம் பேசுவதென்றால் வலது பக்கம் போய் நின்றுதான் பேச வேண்டும். பேரன் பின்னாலிருந்து தாத்தா தாத்தா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தாத்தா கோவமா இருக்கார் என்று அழுதானாம். இதெல்லாம் தெரிந்தவள்தான் சாந்தாமணி. தெரிந்துகொண்டுதான் காலையில் முகிலன் சொல்ல வேண்டாம் என்றதும், அதுவும் சரிதான், அம்மையை வெளியில் சொல்லக்கூடாதல்லவா என்று உள்ளுக்குள் ஒரு பழைய குரலைக் கூப்பிட்டுத் துணைக்கு வைத்துக்கொண்டாள். தனக்கு வேண்டும்போது மட்டும் சாமி பயம். ஜோவினாவின் காதைப் பார்த்தாள். சின்னக் காது, உள்ளே தலைகாணிப் பஞ்சு ஒரு இழை ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டாள்.

நர்ஸம்மாவைக் கூப்பிட்டதுகூட நேர்வழியில் இல்லை. போன வருஷம் சொட்டு மருந்து கொடுக்க வந்தபோது வாங்கி வைத்த எண். தெரிஞ்சவங்க வீட்டுல ஒரு பிள்ளைக்கு அம்மைங்க சிஸ்டர், பக்கத்துல ஒரு கைக்குழந்தை இருந்துச்சாம், என்ன செய்யறதுன்னு கேட்டாங்க என்று ஆரம்பித்தாள். அந்தம்மா கெட்டிக்காரி, என்றைக்கு ஒன்றாய் இருந்தார்கள், எத்தனை மணிக்கு, கைக்குழந்தைக்கு வயசு என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாள், மூணு நாளைக்குள் போட்டுவிடச் சொன்னாள், புதன்கிழமைக்குக் காத்திருக்காதே, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல், அந்தப் பையனையும் டாக்டரிடம் காட்டச் சொல் என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். சாந்தாமணிக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. பெத்தவ ஒரே ஆளா இருக்கற வீடுங்க, மறுநாள் காய்ச்சல் வந்தா பார்த்துக்க ஆள் இல்லைன்னுதான் தள்ளிப்போட்டாங்களாம் என்றாள், யாரோ செய்ததற்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி. "ஏம்மா, அம்மை ஊசிக்கு மறுநாளே அப்படி ஒண்ணும் காய்ச்சல் வராதேம்மா" என்றாள் நர்ஸம்மா. முதல் மூணு ஊசிக்குத்தான் அந்தப் பாடு, தொடை வீங்கி அழுவதெல்லாம் அதற்குத்தான், இதற்கு வந்தால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசாய் உடம்பு சுடும், பல பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. சாந்தாமணி போனைக் காதில் வைத்தபடி நின்றாள். பன்னிரண்டு வருஷம், எத்தனை பிள்ளைகள், எத்தனை வியாழக்கிழமைகள், எல்லா ஊசியையும் ஒரே ஊசி என்று நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். வராத காய்ச்சல். வராத ஒரு காய்ச்சலுக்குப் பயந்து இரண்டு வாரம் தள்ளிப்போட்டிருக்கிறாள். எந்த வீடும்மா, நாங்க வந்து பார்க்கணும், விலாசம் சொல்லு என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். சரியாய்க் கேட்கலைங்க சிஸ்டர் என்று சொல்லி வைத்துவிட்டாள். தெளிவாய்க் கேட்டது.

பழனாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து வாசற்படியில் தலையை வைத்துப் படுத்தாள். நிலன் ஏன்க்கா ரெண்டு நாளா வரலை என்றாள். சளி என்றாள் சாந்தாமணி. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள் பழனாத்தாள். இப்படியே எல்லாரிடமும் சொல்லிவிடலாம், எவ்வளவு லேசாய் இருக்கிறது. ஜோவினாவுக்கு வராமலும் போகலாம், ஒரு பிஸ்கட்டில் வந்துவிடுமா என்ன, வந்தாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதானே, துரைசாமிகூடப் பிழைத்து நாலு ஏக்கர் விவசாயம் பார்க்கிறான். சொன்னால் என்ன ஆகும். அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள், அரை மணி நேரத்தில் தீப்பிடித்துக்கொள்ளும். ஊசி போடாத பிள்ளையைத் தெரிந்தே சேர்த்தீர்களா என்பார்கள். ஆமாம் என்று எப்படிச் சொல்வது. நாளைக்கு ஒன்பது பாயும் காலியாய்க் கிடக்கும், இந்த வீட்டில் இவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். அப்படி நினைத்த அந்த நிமிஷத்திலேயே ஒன்று தெரிந்தது, இவ்வளவு நேரமும் தனக்கு என்ன ஆகும் என்று மட்டும்தான் பயந்திருக்கிறாள், மடியில் கிடக்கிறதற்கு என்ன ஆகும் என்பதை அவ்வப்போது புறங்கையை வைத்துப் பார்த்ததோடு சரி. இதைக் காட்டிலும் கேவலம் உண்டா. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளாம். அக்காவாம். மணி இரண்டு இருபது. ஜோவினா கண்ணைத் திறந்தாள், அழவில்லை, யார் மடி என்று ஒரு தரம் பார்த்தாள், பார்த்துவிட்டுத் திருப்தியாய்ச் சாந்தாமணியின் வளையலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். சாந்தாமணி மற்றக் கையால் போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே ஜெனிட்டா எடுத்துவிட்டாள், பகலில் அக்காவிடமிருந்து போன் வந்தால் எடுக்காமல் இருப்பாளா.

நிலனுக்கு அம்மை என்றாள். செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் இரண்டும் ஒன்றாய் இருந்ததைச் சொன்னாள். அவனுக்கு ஊசியே போடவில்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சேர்த்தேன் என்றாள், அதைச் சொல்லும்போது குரல் யாருடையதோ மாதிரி இருந்தது, பழனாத்தாள் படியிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நாளைக் காலை வரைக்கும்தான் நேரம், இன்றைக்கே போட்டுவிடு, எங்கே போட வேண்டும் என்று நான் விசாரித்து வைக்கிறேன் என்றாள். எல்லாம் சொன்னாள், தள்ளிப்போடச் சொன்ன அந்த ஒன்றைத் தவிர. வாரேன்க்கா என்று மட்டும் அந்தப் பக்கம் கேட்டது. அதற்கப்புறம் சாந்தாமணி அழுதாளா என்றால் அழவில்லை, அழுகிற உரிமை தனக்கு இல்லை என்று ஒரு எண்ணம். நர்ஸம்மாவை மறுபடி கூப்பிட்டு, எங்க வீடுதாங்க சிஸ்டர் என்று விலாசம் சொன்னாள், நிலன் வீட்டு விலாசத்தையும் சொன்னாள், இன்றைக்கே ஊசி போடுகிற ஆஸ்பத்திரி எது என்று கேட்டுக்கொண்டாள். முகிலனுக்கும் அடித்தாள், அவன் எடுக்கவில்லை, தாரணி எடுத்தாள், நான் எல்லாரிடமும் சொல்லப்போகிறேன் கண்ணு, நீயும் நிலனை டாக்டரிடம் தூக்கிப் போ என்றதும் தாரணி எதிர்த்துப் பேசவில்லை. ராத்திரியெல்லாம் இருமினான்க்கா, கூட்டிட்டுப் போறேன் என்று மெதுவாய்ச் சொன்னாள்.

ஆட்டோ வந்து நின்றபோது சாந்தாமணி பிள்ளையோடு கேட்டில் நின்றாள். ஜெனிட்டா இறங்கி ஓடிவந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள், நெற்றியை மோந்தாள், கண்ணைப் பார்த்தாள், காதில் மாட்டிய போனில் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது, புருஷன்தான் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் அவன் கத்துவது வெளியில் நிற்கிறவளுக்கே கேட்டது, ஒன்பது மாசத்து ஊசியை ஏன் போடலை, ஏன் போடலை என்று திரும்பத் திரும்ப அதே கேள்வி. "நான்தான் மறந்துட்டேன். வேலைல மறந்துட்டேன்னு சொல்லுதேன்லா" என்றாள் ஜெனிட்டா. இன்னும் ஏதோ கேட்டான். ஆமா, என் தப்புதான் என்றாள். சாந்தாமணி ஒரு எட்டு முன்னால் வந்தாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நீ மறக்கல ஜெனிட்டா. ரெண்டு வாரமும் நாந்தான் தள்ளிப்போடச் சொன்னேன். அவருகிட்டக் குடு, நான் சொல்றேன்."

ஜெனிட்டா போனை அணைத்துவிட்டாள். கோபமில்லை அந்த முகத்தில், கோபம் இருந்திருந்தால் சாந்தாமணி வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள், அதற்குத் தயாராகத்தான் நின்றாள். "எனக்கு ஞாபகம் இருக்குக்கா. அதைச் சொன்னா இனிமே அங்க விடாதன்னு சொல்லிருவாரு. எனக்கு இங்க வேற யாரு இருக்கா?" என்றாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டாள். பையை எடுத்துக் கொடுத்தாள் சாந்தாமணி. அதை வாங்கிக்கொண்டும் ஜெனிட்டா ஆட்டோவைப் போகச் சொல்லவில்லை, எதையோ கேட்கலாமா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டு இருந்தாள், பிறகு கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு இவளுக்குக் காய்ச்சல் இருந்தாலும் வச்சுக்கிடுவீங்களா? ஒரு நாள் மட்டும். மத்தியானமே வந்து தூக்கிக்கிடுதேன்."

இந்த ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் வராது கண்ணு என்று சொல்ல வாயெடுத்தாள் சாந்தாமணி. அப்புறம் எதுக்குக்கா தள்ளிப்போடச் சொன்னீங்க என்று ஜெனிட்டா கேட்கமாட்டாள், கேட்கவே மாட்டாள். கொண்டு வா என்றாள். ஜெனிட்டா இரண்டு தரம் தேங்க்ஸ்க்கா என்றாள், ஆட்டோ கிளம்பியது.